யாருடைய சம்மதம்? பதின்வயதுக் கர்ப்பமும் சட்டமும்



சாதி தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது என்ற கேள்விக்கு அண்ணல் அம்பேத்கர் 1916இல், கொலம்பியாவில் மாணவராக இருந்தபோதே விடை சொன்னார்: அகமணத்தால். சிறுமியர் மணத்தை அதன் கருவிகளில் ஒன்றாக அவர் எண்ணினார். பதின்வயதுப் பெண்ணின் கர்ப்பம் அவளுடைய உடல்நலமாகப் பார்க்கப்படும் முன்பே சாதி மானமாகப் பேசப்படுவது ஏன் என்பதை நாம் இங்கிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

சட்டத்தின் வரலாறு பெரும்பாலும் வயதை உயர்த்திய வரலாறு. 1891இல் சம்மத வயது 10இலிருந்து 12 ஆனது, திலகர் எதிர்த்தார். 1929இன் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 ஆக்கியது. 1978இல் அது 18 ஆனது. எல்லாம் போராடிப் பெற்றவை. ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் அவள் கைக்கு வரவில்லை. அதைத் தொட்ட பேச்சு நாக்பூரில் எழுந்தது. 1942 ஜூலையில் அங்கு கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், தலைமையேற்ற சுலோசனாபாய் டோங்ரே குடும்பக் கட்டுப்பாட்டைப் பேசினார். திருமணத்துக்கு அவசரப்படாதீர்கள், கணவனுக்குச் சமமாக நில்லுங்கள் என்றார் அம்பேத்கர்.

1971இன் கருக்கலைப்புச் சட்டத்தில், வயதுவந்த பெண்ணுக்கு அவள் சம்மதமே போதும். கணவனின் கையெழுத்து தேவையில்லை. 18 நிரம்பாதவளுக்கோ பாதுகாவலரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். 2012இல் போக்சோ வந்தது. 18 வயதுக்குட்பட்டவரோடு கொள்ளும் எந்த உறவும் குற்றம். அறிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். ஆதிக்க சாதியினரால் வன்முறைக்கு ஆளான நம் சிறுமிக்கு இது கேடயம்; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு சேர்த்து அதை நாம் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் சாதி கடந்து காதலித்தவளின் வீட்டார் கையில் அதே சட்டம் தலித் இளைஞனைச் சிறைக்கு அனுப்பும் ஆயுதமாகிறது. புகாருக்கு அஞ்சி அவள் அரசு மருத்துவமனையைத் தவிர்த்தால், உயிரைப் பணயம் வைப்பவளும் அவளே.

நீதிமன்றங்கள் மெல்ல அசைந்திருக்கின்றன. 1993இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. 16 வயது மகளின் கருவைக் கலைக்க வேண்டும் என்றார் தந்தை. பெற்றெடுப்பேன் என்றாள் மகள். அவள் விருப்பத்தை மீறிக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிடவில்லை. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் புகாரில் அவள் பெயரை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்றது. பாதுகாவலர் அங்கும் நிற்கிறார். 2024இல் இன்னொரு படி: பாதுகாவலரின் கருத்தும் சிறுமியின் கருத்தும் மாறுபட்டால், அவள் கருத்துக்கு முக்கியத்துவம் தர வேண்டும் என்றது.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. பெற்றாலும் கலைத்தாலும் முதலில் கேட்கப்பட வேண்டியது அவளை. கேட்பவர் வீட்டாரின் முன்னிலையில் கேட்கக்கூடாது. அவள் பள்ளிப் படிப்பு நிற்கக்கூடாது. வழக்குக்கு முன் அவளுக்கு வழக்கறிஞர் வேண்டும். பாதுகாவலர் என்ற சொல்லுக்குள் சாதி ஒளிந்திருக்கும் வரை, வயதை மட்டும் உயர்த்தும் சட்டத்தால் அவளுக்கு விடுதலை வராது.