வீட்டில் யாருக்கு எவ்வளவு சத்து தேவை? குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை ஒரு பார்வை

புது தில்லி: ஒரு வீட்டில் தந்தைக்கு 45 வயது, மகளுக்கு 16 வயது. இருவரில் யாருக்கு இரும்புச்சத்து அதிகம் தேவை என்று கேட்டால், உடல் எடை கூடுதலாக உள்ள தந்தைக்கே என்று பலரும் கூறக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து போதுமானது. 16 முதல் 18 வயது வரையிலான பெண்ணுக்கோ 32 மில்லிகிராம் தேவைப்படுகிறது.

ஒருவரது ஊட்டச்சத்துத் தேவையை உடலின் அளவு மட்டுமே தீர்மானிப்பதில்லை. வளர்ச்சி, மாதவிடாய், கர்ப்பம், பாலூட்டல், உடலுழைப்பு, முதுமை ஆகிய ஒவ்வொன்றும் அதை மாற்றியமைக்கின்றன. ஆண்கள் முதலில் உண்டு முடித்த பின்னர், மிஞ்சியதைப் பெண்கள் உண்ணும் வழக்கம் நாட்டின் பல வீடுகளில் இன்றும் நீடிக்கிறது. தேவை ஓரிடத்திலும் உணவு வேறோர் இடத்திலும் சேரும்போது, அதன் விளைவு ரத்தசோகையாகவும் வளர்ச்சிக் குறைபாடாகவும் வெளிப்படுகிறது.

இந்தியர்களுக்கான ஊட்டச்சத்து அளவுகளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்தளிக்கிறது. 1918-ஆம் ஆண்டு நீலகிரி மலையில் உள்ள குன்னூரில், பெரிபெரி நோயை ஆராயும் சிறிய பிரிவாகத் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 1958-ஆம் ஆண்டு ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இந்நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரை அளவுகளே இக்கட்டுரையில் இடம்பெற்றுள்ளன. 65 கிலோ எடையுள்ள ஆணையும் 55 கிலோ எடையுள்ள பெண்ணையும் அடிப்படையாகக் கொண்டு பெரியவர்களுக்கான அளவுகள் கணக்கிடப்பட்டுள்ளன.

முதல் இரண்டு ஆண்டுகள்

பிறந்தது முதல் 6 மாதங்கள் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது. தண்ணீர்கூடத் தேவையில்லை என உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. 6 மாதங்கள் நிறைவடையும்போது, தாயின் வயிற்றில் இருந்தபோது குழந்தை சேமித்துக்கொண்ட இரும்புச்சத்து பெருமளவு தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. எனவே, அப்போது இணை உணவைத் தொடங்குவதுடன், 2 வயது அல்லது அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடர வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் நாடு பின்தங்கியுள்ளது. 2019-21 காலகட்டத்தில் நடத்தப்பட்ட 5-ஆவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 6 முதல் 23 மாதங்கள் வரையிலான குழந்தைகளில் 11.3 சதவீதத்தினர் மட்டுமே போதிய உணவு பெறுகின்றனர். 5 வயதுக்கு உள்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்.

நீர்த்த கஞ்சியும் சாதம் வடித்த நீரும் குழந்தையின் சிறிய வயிற்றை நிரப்புமே தவிர, சத்தை அளிக்காது. குழைய வேகவைத்த சாதத்துடன் பருப்பு, மசித்த காய்கறி, சிறிதளவு நெய் அல்லது எண்ணெய் சேர்த்துக் கெட்டியாக ஊட்டுவதே சரியான முறை. உண்ணும் வழக்கம் உள்ள வீடுகளில் முட்டை, மீன் ஆகியவற்றையும் படிப்படியாகச் சேர்க்கலாம். ஒரு வயது நிறைவடையும் வரை தேன் கொடுக்கக் கூடாது.

பள்ளிப் பருவம்

7 முதல் 9 வயது வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 650 மில்லிகிராம் கால்சியமும் தேவை. மத்திய அரசின் பி.எம். போஷண் திட்டத்தின் கீழ், தொடக்கப் பள்ளி மாணவருக்கு 450 கிலோ கலோரி, 12 கிராம் புரதமும், 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான மாணவருக்கு 700 கிலோ கலோரி, 20 கிராம் புரதமும் கொண்ட மதிய உணவு வழங்கப்படுகிறது.

இத்திட்டம் 8-ஆம் வகுப்புடன் நிறைவடைகிறது. மாணவிகளின் இரும்புச்சத்துத் தேவை உச்சத்தை நெருங்கும் வயதும் அதுவே. தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட சில மாநிலங்கள் 10-ஆம் வகுப்பு வரை மதிய உணவை நீட்டித்துள்ளன.

வளரிளம் பருவம்

9 வயது வரை சிறுவருக்கும் சிறுமியருக்கும் ஒரே அளவாக உள்ள இரும்புச்சத்துத் தேவை, அதன் பின்னர் இரண்டாகப் பிரிகிறது. பரிந்துரைக்கப்பட்ட தினசரி அளவுகள் வருமாறு:

10 - 12 வயது: சிறுவர் 16 மில்லிகிராம், சிறுமியர் 28 மில்லிகிராம்.

13 - 15 வயது: சிறுவர் 22 மில்லிகிராம், சிறுமியர் 30 மில்லிகிராம்.

16 - 18 வயது: ஆண்கள் 26 மில்லிகிராம், பெண்கள் 32 மில்லிகிராம்.

வேகமான வளர்ச்சியும், மாதவிடாயால் ஏற்படும் ரத்த இழப்பும் ஒரே நேரத்தில் நிகழ்வதே பெண்களின் தேவை உயர்வதற்குக் காரணம். நாட்டில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ளது. இதற்கு முந்தைய ஆய்வில் இது 54.1 சதவீதமாக இருந்தது. சோர்வு, மூச்சு வாங்குதல், படிப்பில் கவனமின்மை ஆகியவை சோம்பேறித்தனமாகக் கருதப்பட்டு, ரத்தசோகை கவனிக்கப்படாமலே போவதும் உண்டு. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வாரம் ஒரு முறை இலவசமாக வழங்கப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் உட்கொள்வது அவசியம்.

கர்ப்பமும் பாலூட்டலும்

கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்குக் கூடுதலாக 350 கிலோ கலோரி தேவை. கடைசி மூன்று மாதங்களில் 22 கிராம் புரதமும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஃபோலிக் அமிலத்தின் தேவை 220 மைக்ரோகிராமிலிருந்து 570 மைக்ரோகிராமாக உயர்கிறது. நாட்டில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினர் ரத்தசோகையால் பாதிக்கப்பட்டுள்ள நிலையில், 4-ஆவது மாதம் முதல் குறைந்தது 180 நாள்களுக்கு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை உட்கொள்ள அரசு பரிந்துரைக்கிறது.

மகப்பேறுக்குப் பின்னர் தேவை குறைந்துவிடும் என்பது தவறான கருத்து. பாலூட்டும் முதல் 6 மாதங்களில் தாய்க்குக் கூடுதலாக 600 கிலோ கலோரி தேவை. இது கர்ப்ப காலத்தைவிட அதிகம். கால்சியம் தேவையும் 1,200 மில்லிகிராமாக உயர்கிறது. ஆனால், இதே காலத்தில்தான் பல குடும்பங்களில் பத்தியம் என்ற பெயரில் கீரை, பழம், பருப்பு ஆகியவை தாய்க்கு மறுக்கப்படுகின்றன.

நடுவயது

நடுவயதில் உழைப்பே தேவையைத் தீர்மானிக்கிறது. கடின உடலுழைப்பில் ஈடுபடும் ஆணுக்கு நாளொன்றுக்கு 3,470 கிலோ கலோரி தேவை. அமர்ந்தே பணிபுரியும் ஆணுக்கு 2,110 கிலோ கலோரி போதும். வயலில் உழைத்த தலைமுறை உண்ட அளவையே அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் தலைமுறையும் உண்டால், மிகுதி கொழுப்பாகவே சேரும். 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 24 சதவீதத்தினரும், ஆண்களில் 22.9 சதவீதத்தினரும் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள்.

குறைக்க வேண்டியது சோறு, ரொட்டி, எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றையே. பருப்பையும் காய்கறியையும் அல்ல. 2024-ஆம் ஆண்டு வெளியான உணவு வழிகாட்டு நெறிமுறைகளின்படி, 2,000 கிலோ கலோரி கொண்ட ஒரு நாள் உணவில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காய்கறிகள் 400 கிராம் இடம்பெற வேண்டும். உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும்.

முதுமை

60 வயதுக்குப் பின்னர் பசி குறைகிறது; கலோரித் தேவையும் குறைகிறது. ஆனால், புரதத் தேவை குறைவதில்லை. கால்சியம் தேவையோ 1,000 மில்லிகிராமிலிருந்து 1,200 மில்லிகிராமாக உயர்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இதே அளவு பொருந்தும். உணவிலிருந்து வைட்டமின் பி12 சத்தை உடல் ஈர்க்கும் திறனும், தாக உணர்வும் வயதுடன் குறைகின்றன.

பல் இல்லை, செரிமானம் ஆகாது என்ற காரணங்களால் முதியவரின் உணவு கஞ்சி, ரசம் சாதம், தேநீர், பிஸ்கட் என்று சுருங்கிவிடுகிறது. இதனால் தசைகள் மெலிகின்றன, கால்கள் வலுவிழக்கின்றன, கீழே விழும் ஆபத்தும் எலும்பு முறியும் வாய்ப்பும் அதிகரிக்கின்றன. மசித்த பருப்பு, தயிர், வேகவைத்த முட்டை, பனீர், முள் நீக்கிய மீன், கேழ்வரகுக் கூழ் ஆகியவை மென்மையானவை, சத்தும் மிக்கவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. தாகம் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தண்ணீர் அருந்த வேண்டும்.

ஒரே சமையல், வெவ்வேறு தட்டு

இதற்காக வீட்டில் ஆளுக்கொரு சமையல் செய்ய வேண்டியதில்லை. ஒரே பருப்புக் குழம்பில் கெட்டிப் பருப்பைக் குழந்தைக்கும் முதியவருக்கும் எடுத்து வைக்கலாம். மகளின் தட்டில் கீரை, கொண்டைக்கடலை, ஈரல் ஆகியவற்றில் ஒன்றைக் கூட்டி, உடன் எலுமிச்சைச் சாறோ கொய்யாப்பழமோ தரலாம்; அவற்றில் உள்ள வைட்டமின் சி, இரும்புச்சத்தை உடல் ஈர்க்கத் துணைபுரிகிறது. தேநீரும் காபியும் அதைத் தடுப்பதால், உணவுடன் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. பணிக்குச் சென்று அமரும் தந்தையின் தட்டில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, ஒரு கரண்டி காய்கறியைச் சேர்க்கலாம்.

இவற்றுக்குப் பெரும் செலவு தேவையில்லை. யாருக்கு முதலில், யாருக்கு எதை அதிகமாகப் பரிமாறுவது என்ற முடிவே முக்கியமானது. மேற்கண்ட அளவுகள் ஆரோக்கியமானவர்களுக்கு உரியவை. சிறுநீரகப் பாதிப்பு, நீரிழிவு உள்ளிட்ட நோய்கள் உள்ளவர்கள், மருத்துவரின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே உணவில் மாற்றம் செய்ய வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.