பழைய டீசல் வண்டி நின்ற இடத்தில் குலுங்குகிறதா? இன்ஜெக்டரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு. வண்டி நிற்கிறது, ஆனால் ஸ்டியரிங் நடுங்குகிறது, டேஷ்போர்டு கடகடக்கிறது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் எல்லாம் அடங்கிவிடுகிறது.

அப்பாவின் பழைய ஹைலக்ஸ், மாமாவின் டிரைட்டன், கடைக்குச் சரக்கு ஏற்றும் சின்ன லாரி... பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய டீசல் வண்டி வீட்டில் இருந்தால் இந்தக் குலுக்கல் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

பட்டறைக்குப் போனால், "இன்ஜெக்டர் போச்சு, நாலையும் மாத்திடலாம்" என்ற பதில் வரலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான்கையும் மாற்றினால் செலவு ஆயிரக்கணக்கான ரிங்கிட்டைத் தொடக்கூடும். அடைத்துப்போன ஒரு ஃபில்டரும் இதே குலுக்கலைக் கொடுக்கும். அதனால், மலிவானதை முதலில் சோதிப்பதுதான் சரியான வரிசை.

நிற்கும்போது மட்டும் ஏன்?

டீசல் இயந்திரத்தில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்பட்டுக் கடுமையாகச் சூடாகிறது. அந்தச் சூட்டில் இன்ஜெக்டர் டீசலைத் தெளிக்க, அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

வண்டி நிற்கும்போது பெரும்பாலான பிக்-அப்களின் இயந்திரம் நிமிடத்துக்கு 700 முதல் 850 முறை வரை சுற்றும். அப்போது ஒவ்வொரு தெளிப்பும் ஒரு துளியைவிடக் குறைவு. அவ்வளவு சிறிய அளவில் ஒரு சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைந்தாலும், மற்ற மூன்றோடு அது ஒத்துப்போகாது. அதுதான் குலுக்கல்.

வேகம் கூடினால் தெளிக்கும் அளவும் கூடும், சுற்றுகளும் அடுத்தடுத்து வரும். வித்தியாசம் மறைந்துவிடும். அதற்காகப் பழுது சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

காசு செலவில்லாத சோதனை

பட்டறைக்குப் போகும் முன் மூன்று விஷயங்களைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எப்போது வருகிறது? காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் என்றால், கிளோ பிளக் அல்லது சிலிண்டரின் அழுத்தக் குறைவைச் சந்தேகிக்கலாம். இயந்திரம் சூடான பிறகு மோசமானால், தேய்ந்த இன்ஜெக்டர் அல்லது பம்ப். சூடான டீசல் நீர்த்துப்போவதால், தேய்ந்த இடைவெளிகளில் எளிதாகக் கசியும்.

ஆர்.பி.எம். முள் என்ன செய்கிறது? முள் ஏறி இறங்கினால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம் அல்லது பம்ப்பில் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு சிக்கியிருக்கலாம். முள் அசையாமல் உடல் மட்டும் அதிர்ந்தால், இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புகை என்ன நிறம்? கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெள்ளை என்றால் எரியாத டீசல். இனிப்பு வாசனையும் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

மலிவானதிலிருந்து தொடங்குங்கள்

1. ஃபில்டரும் தண்ணீரும். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும். மலேசியாவில் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு பாமாயில் பயோடீசல் கலக்கும் பி10 திட்டம் 2019-இல் கட்டாயமானது. பயோடீசல் ஈரத்தை அதிகம் ஈர்க்கும். பழைய தொட்டியில் படிந்த அழுக்கையும் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும்.

2. காற்றுக் கசிவு. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ய நேரம் எடுக்கிறதா? தொட்டிக்கும் பம்ப்புக்கும் இடையே உள்ள பழைய ரப்பர் குழாய், கிளிப், வாஷர் ஆகியவற்றைப் பாருங்கள். மெக்கானிக் ஒரு துண்டு தெளிவான குழாயை இடையில் பொருத்தினால், காற்றுக் குமிழி கண்ணுக்கே தெரியும்.

3. இ.ஜி.ஆர். வால்வு. கரி படிந்து திறந்தபடியே சிக்கிக்கொண்டால், புகை அளவுக்கு மீறி உள்ளே திரும்பி வரும். குலுக்கலோடு கறுப்புப் புகையும் சேரும். கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரம் போதும்.

4. ஸ்கேனர். காமன் ரெயில் வண்டிகளில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கணினி எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது என்பதைப் பார்க்கலாம். ஒரு எண் மட்டும் தனித்து நின்றால், சந்தேகம் அந்தச் சிலிண்டர் மேல்.

5. ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிப் பாட்டிலில் பிடிப்பார்கள். ஒரு பாட்டில் மட்டும் வேகமாக நிரம்பினால், அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. இதோடு கம்ப்ரஷன் சோதனையும் செய்ய வேண்டும். வால்வோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருந்தால், புது இன்ஜெக்டர் போட்டும் பயனில்லை.

இதை மட்டும் செய்யாதீர்கள்

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில், ஓடும் இயந்திரத்தில் இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயிலில் இதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டக்கூடும். ஊசிமுனை அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே சின்னப் புள்ளி போலத் தெரியும், வலியும் குறைவாக இருக்கலாம். ஆனாலும் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம்.

கசிவைத் தேடும்போது கையால் தடவிப் பார்க்காதீர்கள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அட்டையோ துணியோ வைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டறையில் என்ன கேட்கலாம்?

"எந்தச் சிலிண்டர்? ரிட்டர்ன் டெஸ்ட் செஞ்சீங்களா? அளவைக் காட்ட முடியுமா?" இந்த மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், செப்பு வாஷரும் புதிதாகப் போடுகிறார்களா என்று பாருங்கள். பல காமன் ரெயில் வண்டிகளில் புது இன்ஜெக்டரின் குறியீட்டைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால், புதிய இன்ஜெக்டரோடும் வண்டி குலுங்கலாம்.

"பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிப்போடுவதும் செலவுதான். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்தபோது, வீணாகும் ஒவ்வொரு லிட்டரின் விலையும் கூடியது. அதைவிட முக்கியம், கசியும் இன்ஜெக்டர் பிஸ்டனையே எரித்து ஓட்டை போடக்கூடும். அப்போது பேச்சு இன்ஜெக்டரைப் பற்றி இருக்காது, முழு இயந்திரத்தைப் பற்றித்தான் இருக்கும்.