வரப்பைக் காத்த மக்கள்

வல்வில் ஓரி ஆண்ட மலை எனச் சங்க இலக்கியம் போற்றும் கொல்லிமலை, இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் நிலத்தை நாடு நாடாகப் பகுத்து வழங்குவர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, திருப்புலி நாடு எனப் பதினான்கு நாடுகள். பள்ளங்களில் படிப்படியாக நெல்வயல், சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, அவற்றுக்கு மேல் காடு. இதுவே அவர்கள் வழிவழியாகக் காத்த நில ஒழுங்கு.

அவ்வொழுங்கின் உட்பொருளை உலகுக்கு உணர்த்தியவர் மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு வேலூரில் அறுவை மருத்துவத்தால் இயக்கம் அளித்த அவர், 1914-இல் மறைப்பணியாளரின் மகனாகப் பிறந்து, இம்மலையில் வளர்ந்தார். சிறுவயதில் தோழர்களோடு படிவயலில் தவளை பிடிக்கையில், கலங்கிய நீர் வரப்பைத் தாண்டிக் கீழே வழிந்தது. அங்கு வந்த முதியவர் ஒருவர் சேற்றைக் கையில் அள்ளிக் காட்டி, கீழே போன மண் மேலே திரும்பாது என்றும், அது வருங்காலத்தார்க்கும் உரிய உணவு என்றும் அறிவுறுத்தினார். அம்முதியவரின் பாடத்தைப் பிராண்ட் முதுமையிலும் மறவாது எழுதிவைத்தார்.

விடுதலை பெற்ற நாடு மலைகளுக்கெனத் திட்டங்கள் தீட்டியது. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் (1974–79) நீலகிரி உள்ளிட்ட மலைப்பகுதிகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் தனித்தனி வளர்ச்சித் திட்டங்கள் வந்தன. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கொல்லிமலை அவற்றின் எல்லைக்குள் வரவில்லை. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை, மலைநாட்டில் மூன்றில் இரு பங்கு மரங்களால் மூடப்பட்டிருத்தல் வேண்டும் என்றது. ஆயினும் காட்டின் பரப்பை அளந்த கொள்கை, உழவரின் வரப்பை அளக்கவில்லை.

இதற்கிடையே, சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியது. கைக்குப் பணம் தந்த பயிரை ஏழை உழவர் ஏற்றதில் வியப்பில்லை. நியாய விலை அரிசி கிடைத்தபின், உரலில் சாமை குத்தும் பெரும்பாட்டைப் பெண்களும் கைவிட்டனர். ஆனால் மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்குகையில் மண் கிளறப்படுகிறது. சரிவில் மழை அதனை அடித்துச் செல்கிறது. முதியவர் அஞ்சியது நிகழ்ந்தது.

மாற்றத்திற்கான வழியும் அம்மக்களிடையே தோன்றியது. 1990-களில் தொடங்கி, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவர்களுடன் இணைந்து ஊர்களில் விதை வங்கிகளையும், சாமை அரைக்கும் சிற்றாலைகளையும் அமைத்தது. பெண்களின் உழைப்புச் சுமை குறைந்த இடத்தில் சாமைக்கு மீண்டும் இடம் கிடைத்தது. நிலத்தைக் காக்கும் திட்டம் அந்நிலத்து மக்களின் உழைப்பையும் பசியையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

திருஅவையின் போதனையும் இதுவே. சுற்றுச்சூழலின் சீர்குலைவைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990-ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியில் அறநெறிச் சிக்கலாகவே கண்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடல், பழங்குடியினரின் நிலத்தைத் தொடும் பெருந்திட்டங்களில் அவர்களே முதன்மை உரையாடலாளராக இருத்தல் வேண்டும் என்கிறது. ஏதேன் தோட்டத்தில் மனிதன் வைக்கப்பட்டது அதைப் பேணுவதற்கே என்று தொடக்க நூல் கூறுகிறது. அப்பணியைத் திருப்புலி நாடும் அதன் அண்டை நாடுகளும் வரப்பின் மேல் நின்று ஆற்றின. திட்டம் தீட்டுவோர் முதலில் அவ்வரப்புக்கு வந்து கேட்கட்டும். அவர்தம் தானியத்திற்கு உரிய விலை தர நாமும் முன்வருவோம்.