சாவித்திரி

தமிழ், தெலுங்குத் திரையுலகில் 1950களிலும் 60களிலும் முன்னணியில் இருந்த நடிகை, தயாரிப்பாளர், இயக்குநர். தமிழகத்தில் 'நடிகையர் திலகம்', ஆந்திரத்தில் 'மகாநடி'. இவரைப் பற்றிப் பேசத் தொடங்கும் பலரும் கணவர் ஜெமினி கணேசனில் ஆரம்பித்துக் குடியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டும் நடந்தவைதான். ஆனால் சாவித்திரியைச் சாவித்திரி ஆக்கியது நடிப்பு.

குண்டூர் மாவட்டம் சிர்ராவூரில் 1930களின் நடுப்பகுதியில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். பெரியம்மா வீட்டில் வளர்ந்து, நடனமும் நாடகமும் கற்று, பெரியப்பாவின் துணையோடு சென்னைக்கு வந்தார். எல்.வி. பிரசாத்தின் 'சம்சாரம்' (1950) படத்தில் கதாநாயகி வாய்ப்பு கிடைத்தும், கேமரா முன் பதறியதால் அது கைநழுவி, சிறு வேடமே மிஞ்சியது. அடுத்த ஆண்டு 'பாதாள பைரவி'யில் ஒரு நடனம். 1953இல் 'தேவதாஸ்' படத்தின் பார்வதி அவரைத் தென்னாடு முழுக்க அறியச் செய்தது.

திருப்புமுனை 'மிஸ்ஸியம்மா' (1955). மேரி வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் பி. பானுமதி, சில ரீல்கள் எடுத்தும் ஆகிவிட்டது. வரலட்சுமி விரதத்தன்று அவர் தாமதமாக வந்ததில் தயாரிப்பாளர் சக்கரபாணியோடு மனத்தாங்கல் ஏற்பட்டு அவர் விலக, இரண்டாவது நாயகியாக இருந்த சாவித்திரிக்கு மேரி வேடம் வந்தது. வெடுக்கென்று பேசி உள்ளுக்குள் இளகும் அந்த மேரியைப் பார்த்தவர்கள் அது இன்னொருவருக்காக எழுதப்பட்ட வேடம் என்று சொல்ல மாட்டார்கள். படம் உருவான வாகினி ஸ்டுடியோ வடபழனியில் இருந்தது.

1957இல் 'மிஸ்ஸியம்மா'வைத் தயாரித்த நிறுவனத்தின் 'மாயா பஜார்'. கடோத்கஜன் மணப்பெண் வத்சலாவின் உருவெடுத்து மணவீட்டில் புகும் பகுதியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். முகம் பெண்ணுடையது, நடை, தோள், உறுமல், சிரிப்பு எல்லாம் கடோத்கஜனாக நடித்த எஸ்.வி. ரங்காராவுடையவை. யாராவது திரும்பிப் பார்த்தால் நொடியில் வெட்கம். பார்வை விலகியதும் மீண்டும் அரக்கன். கட் செய்து ஒட்டாமல் ஒரே ஷாட்டுக்குள் இரண்டு ஆளாக மாறியிருக்கிறார். இதற்கு நிகராகச் சொல்லத் தமிழ்ப்படங்களில் அதிகம் இல்லை.

ஜெமினி ஸ்டுடியோவில் நடிகர் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்து நடிகரானவர் கணேசன். இருவரும் 'மனம்போல மாங்கல்யம்' (1953) படத்தில் ஜோடி சேர்ந்தனர். அதற்கு முன்பே, 1952இல், மைசூர் சாமுண்டீஸ்வரி கோயிலில் ரகசியத் திருமணம். கணேசனுக்கு ஏற்கெனவே மனைவி அலமேலு இருந்தார்; நடிகை புஷ்பவல்லியுடனும் உறவு இருந்தது. 1956 வாக்கில், லக்ஸ் சோப் விளம்பரத்துக்கு 'சாவித்திரி கணேஷ்' என்று கையெழுத்திட்டபோது விஷயம் ஊருக்குத் தெரிந்தது. ஒரு மகள், ஒரு மகன். அறுபதுகளின் இறுதியில் மணவாழ்வு கசந்து பிரிந்தனர்.

உச்சகாலம் 1960 முதல் 1965 வரை: 'களத்தூர் கண்ணம்மா', 'பாசமலர்', 'பார்த்தால் பசி தீரும்', 'கற்பகம்', 'கை கொடுத்த தெய்வம்', 'நவராத்திரி', 'திருவிளையாடல்'. 'நவராத்திரி'யில் சிவாஜி கணேசன் ஒன்பது வேடம் கட்டியதை ஊரே சொல்கிறது. ஒன்பது பேருக்கும் ஈடுகொடுத்துப் படத்தைத் தாங்கி நிற்பது சாவித்திரி நடித்த நளினா ஒருத்திதான். 1965இல் போர்க்கால நிதிக்காகப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் அணிந்திருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத கை அது. கணக்குப் பார்க்கவும் தெரியாது.

வீழ்ச்சிக்குக் காதலை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. 1968இல் பெரும்பாலும் பெண் கலைஞர்களைக் கொண்டு 'சின்னாரி பாப்பலு' என்ற தெலுங்குப் படத்தை இயக்கினார், இசை பி. லீலா. அந்நாளில் அது துணிச்சலான காரியம். அதைத் தமிழில் 'குழந்தை உள்ளம்' (1969) ஆக்கினார். பிறகு 'மூக மனசுலு' என்ற தெலுங்குப் படத்தைத் தமிழில் சிவாஜியை வைத்துப் 'பிராப்தம்' (1971) என்று தாமே தயாரித்து இயக்கினார். அதே நாளில் சிவாஜியின் 'சுமதி என் சுந்தரி'யும் வெளியானது. 'பிராப்தம்' ஓடவில்லை. கடனும் வருமான வரிப் பிரச்சினையும் சேர்ந்து, தி.நகர் அபிபுல்லா சாலையில் ஆசையோடு கட்டிய வீடு உட்படப் பலவற்றை இழந்தார். குடிப்பழக்கம் முற்றியது, சர்க்கரை நோயும் இருந்தது. எழுபதுகளில் கிடைத்த துணை வேடங்களில் நடித்துக் காலம் தள்ளினார்.

1980 மே மாதம் பெங்களூரில் நினைவிழந்தவர் பத்தொன்பது மாதங்கள் கோமாவில் கிடந்து, 1981 டிசம்பர் 26 அன்று சென்னையில் காலமானார். அவர் வாழ்க்கையை வைத்து நாக் அஸ்வின் எடுத்த 'மகாநடி' 2018இல் வந்தது. தமிழில் 'நடிகையர் திலகம்'. சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருது கிடைத்தது. இந்திய அஞ்சல் துறை 2011இல் நாட்டின் பெருமைமிகு நாயகியர் ஆறு பேருக்கு வெளியிட்ட அஞ்சல் தலைகளில் ஒன்றில் சாவித்திரியின் முகம் இருக்கிறது.