புக்கிட் மேராவில் ரோபோவுக்கு வந்த வேலை

கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் ஈப்போவுக்கு இறங்கினால், சற்றுத் தொலைவில் புக்கிட் மேரா. கதிர்வீச்சுக் கழிவை அகற்ற ரோபோ என்றதும் நாம் ஜப்பானையும் ரஷ்யாவையும்தான் நினைக்கிறோம். நம் மலையடிவாரத்துக்கும் அந்த வேலை வந்தது.

நம் நாட்டில் அணுமின் நிலையம் இல்லை. ஆனால் 1982-இல் அங்கே ஏசியன் ரேர் எர்த் ஆலை தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி குழுமம் அதில் முக்கியப் பங்குதாரர். ஈய லம்பத்து மணலிலிருந்து, அன்றைய வண்ணத் தொலைக்காட்சித் திரைக்கு வேண்டிய அரிய மண் தாதுக்களைப் பிரித்தார்கள். (இதைத் தொலைக்காட்சியிலேயே பேச வேண்டியிருப்பது வேடிக்கைதான்!) மிஞ்சியது தோரியம் கலந்த கழிவு. தோரியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே 1,400 கோடி ஆண்டுகள் பிடிக்கும்.

சுமார் 11,000 பேர் வாழ்ந்த வட்டாரத்தில் ஐந்தாண்டுகளுக்குள் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. அவர்களில் ஏழு பேர் மாண்டனர். ஆலைதான் காரணம் என்றனர் மக்கள். நிறுவனம் மறுத்தது. 1985-இல் மக்கள் வழக்குத் தொடுத்தனர். அவர்களுக்காக நின்ற வழக்கறிஞர்களில் மீனாட்சி ராமனும் ஒருவர். 1987 லாலாங் நடவடிக்கையில் அவரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஆனாலும் 1994-இல் நிறுவனமே ஆலையை மூடிக்கொண்டது.

மூடினால் முடிந்துவிடுமா? ஆலையைப் பிரித்து, அடியிலிருந்த மண்ணையும் பாறை வரை தோண்டி, 11,000 லோரிச் சுமை அகற்றினார்கள். ஒரு மலையின் உச்சியை வெட்டி உள்ளே புதைத்து, மேலே 20 அடிக்கும் அதிகமாகக் களிமண்ணும் கருங்கல்லும் போட்டு மூடினார்கள். செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர். பிறகும் 80,000-க்கு மேற்பட்ட இரும்புப் பீப்பாய்கள் மிச்சம். அவற்றை நகர்த்த ரோபோக்களும் பாதுகாப்பு உடை அணிந்த ஊழியர்களும் வருவார்கள் என்று 2011 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

ரோபோ வந்தால் எல்லாம் சுலபம் என்றும் எண்ணிவிடாதீர்கள். 1986-இல் செர்னோபில் கூரைக்கு அனுப்பிய இயந்திரங்கள் கதிர்வீச்சில் செயலிழந்தன. மண்வெட்டியோடு ஏறியவர்கள் சிப்பாய்கள். ஃபுகுஷிமாவில் 2024 நவம்பரில், தூண்டில் போன்ற நீளக் கருவியால் உருகிய எரிபொருளின் முதல் துண்டை எடுத்தார்கள். எடை 1 கிராம்கூட இல்லை. உள்ளே இருப்பதோ சுமார் 880 டன்.

புக்கிட் மேராவில் ஆலை ஓடிய காலத்தில் இதே கழிவை அள்ளியவர்கள், நம்மைப்போல் தினக்கூலிக்குப் போன மனிதர்கள். அன்று அவர்களுக்கு யாரும் ரோபோ தரவில்லை.