போர் விமானத்தின் மேட் நிறம் பிறந்த கதை

பெட்டியைப் பிரித்து, பாகங்களை ஒட்டி முடித்த பிளாஸ்டிக் போர் விமானத்தை மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். இறக்கையில் தகடும் தகடும் சேரும் கோடுகள் இருக்கும், ரிவிட் தலைகள் இருக்கும், டயரில் பட்டைகள்கூட இருக்கும். ஆனாலும் பொம்மையாகத்தான் தெரியும். மேலே எரிகிற டியூப்லைட் அதன் முதுகில் வெள்ளைக் கோடாக விழுந்து கிடப்பதுதான் காரணம். அதற்கு மேட் வார்னிஷ் ஒரு கோட் அடித்துக் காயவிட்டால் அந்தக் கோடு கரைந்துபோகும். உள்ளங்கை அளவுப் பொருளுக்கு டன் கணக்கில் எடை கூடியதாகக் கண் நம்பத் தொடங்கும்.

ஆரணியை ஒட்டிய எங்கள் சேவூரில் இதற்கு நேர் எதிரான வேலை நடக்கிறது. பட்டு நெய்கிற ஊர் இது. கூட்டிலிருந்து எடுத்த கச்சாப் பட்டு மின்னாது. செரிசின் என்ற பசை படிந்து இழை விறைப்பாக, மங்கலாக இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் காய்ச்சி அந்தப் பசையை எடுத்தால்தான் பட்டுக்கு முகம் வரும். எடையில் கிட்டத்தட்டக் கால் பங்கு இதிலேயே போய்விடும். விலை கொடுத்து வாங்கிய சரக்கில் அவ்வளவு போனாலும் சரி, மினுக்கம் வேண்டும் என்கிற தொழில் இது. பசை போனபின் மிஞ்சும் ஃபைப்ராயின் இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணமாக இருக்கும். வழவழப்பான அந்தப் பக்கங்கள் ஒளியைச் சிதறவிடாமல் திருப்பி அனுப்புவதால்தான் முந்தானை அசையும்போது வெளிச்சம் அதன்மேல் ஓடுகிறது.

மினுக்கத்தை வரவழைப்பது கைவேலை என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். மினுக்கத்தை அடக்குவதும் அதே அளவு கைவேலைதான் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. காற்றில்லாத காலையில் ஏரி முழு வானத்தையும் காட்டும். சிறு காற்று வந்து நீர் சிலிர்த்தாலே வானம் உடைந்துபோகும். மேட் பூச்சு செய்வது அந்தச் சிலிர்ப்பைத்தான். மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் வந்த ஒளி ஒரே கோணத்தில் திரும்பும். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருந்தால் நாலாபக்கமும் சிதறும். நிறம் அப்படியே இருக்கும், விளக்கின் பிம்பம் மட்டும் மறையும்.

இந்த மங்கலைப் போருக்குக் கொண்டுவந்தது துணிதான், அதுவும் நம் துணைக்கண்டத்துத் துணி. 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி ‘கைட்ஸ்’ படையைத் திரட்டினார். சிவப்புச் சட்டை போட்ட பிரிட்டிஷ் சிப்பாய் மலையடிவாரத்தில் அரை மைல் தூரத்திலேயே கண்ணில் படுவான். லம்ஸ்டனின் ஆட்களோ மண் நிறத்தில் உடுத்தினார்கள். 1850களில் மங்களூர் பாசல் மிஷன் நெசவாலையில் ஜான் ஹாலர் காக்கிச் சாயம் தயாரித்தார். தறியும் சாயத்தொட்டியும் இருந்த இடத்திலிருந்துதான் இந்த நிறம் உலகப் படைகளின் முதுகில் ஏறியது.

அரை நூற்றாண்டு கழித்து விமானம் வந்தது. அதுவும் துணி போர்த்திய மரச்சட்டம்தான். லினன் துணியைச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டி, ‘டோப்’ என்கிற செல்லுலோஸ் கரைசலைப் பூசுவார்கள். அது காயும்போது துணி சுருங்கி மேளத்தோல்போல விறைக்கும். நிறம் சேர்க்காத டோப் பூசிய இறக்கை வெளிர்மஞ்சளாக, வெயில் ஊடுருவும்படி பளபளக்கும். முதல் உலகப் போரின் தொடக்கத்தில் விமானங்கள் இந்தக் கோலத்தில்தான் பறந்தன. வெயில் பட்டுப் பட்டு லினன் சீக்கிரம் நைந்தது. தரையில் நிறுத்தினால் மேலிருந்து பார்க்கிறவனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. இரண்டுக்கும் சேர்த்து 1916இல் பிரிட்டன் கண்ட மருந்து ‘பி.சி. 10’ என்ற பூச்சு. மஞ்சள் காவியும் விளக்குக்கரியும் கலந்த காக்கிப் பழுப்பு அது. துணியை வெயிலிலிருந்து காத்த சாயமே விமானத்தை மறைக்கவும் செய்தது.

ஜெர்மானியர் இன்னொரு வழி கண்டார்கள். பூச்சின் எடையும் பூசும் நேரமும் எதற்கு என்று யோசித்து, துணியிலேயே பல கோணக் கட்டங்களை நான்கைந்து நிறங்களில் அச்சடித்துவிட்டார்கள். 1917 முதல் அந்த அச்சுத்துணி போர்த்திய விமானங்கள் வரிசையாக வந்தன. பூச்சு வேலை சாயப்பட்டறையிலேயே முடிந்துவிட்டது. நெசவு ஊர்க்காரன் கண்ணுக்கு அந்தப் போரில் வந்த மிகச் சாமர்த்தியமான யோசனை இதுதான்.

போர் முடிந்ததும் விமானங்கள் வெள்ளி நிறமாகின. துணி போய் அலுமினியத் தகடு வந்தது. இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது பச்சையும் பழுப்புமாக மேட் பூச்சு திரும்பியது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. சொரசொரப்பு ஒளியை மட்டும் சிதறடிப்பதில்லை, காற்றையும் பிடித்திழுக்கும். இரவு விமானங்களுக்கு பிரிட்டன் அடித்த ‘ஸ்பெஷல் நைட்’ என்ற கறுப்பு, கரி பூசியதுபோல அத்தனை மங்கல். விமானத்தின் வேகம் அதனால் குறைந்தது. பிறகு வழவழப்பான கறுப்புக்கு மாறினார்கள். அமெரிக்கர்கள் சோதித்துப் பார்த்ததில் கிடைத்த விடை இன்னும் வியப்பானது. தேடுவிளக்கு அடிக்கும்போது மேட் கறுப்பைவிடப் பளபளக்கும் கறுப்புதான் நன்றாக மறைந்தது. வழவழப்பான வயிறு விளக்கொளியை வேறொரு திசைக்குத் தள்ளிவிடுகிறது. மேட் வயிறோ அதை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது, அதில் ஒரு பங்கு கீழே விளக்குக்காரன் கண்ணுக்கும் போகிறது. அதனால் ‘பிளாக் விடோ’ என்ற பி-61 இரவு விமானங்கள் பளபளக்கும் கறுப்பில் வந்தன. மங்கல் என்றால் மறைவு என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்ட முடியாது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்று இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் அடிபட்டு வந்தது. 1965 செப்டம்பர் 6 மாலை பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் பதான்கோட் தளத்தின்மேல் பாய்ந்தன. தரையில் நின்ற விமானங்கள் பல எரிந்தன. புதிதாக வந்திருந்த மிக்-21களில் இரண்டும் அவற்றில் அடக்கம். மிக்-21 சோவியத்திலிருந்து வெள்ளித் தகடாகவே வந்த விமானம். பன்னிரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, ஒலியைவிட வேகமாகப் பாய்ந்து எதிரியை மறிக்கவே அது பிறந்தது. அந்த உயரத்தில் நிறத்துக்கு வேலை இல்லை. ஆனால் போர் வந்தால் அது தரையில் நிற்க வேண்டும், மரத்துக்கு மேலே தாழப் பறந்து குண்டும் போட வேண்டும். அப்போது வெள்ளித்தகடு காட்டிக்கொடுத்துவிடும்.

1971இல் பாகிஸ்தானோடு மறுபடி போர் வந்தபோது படைப்பிரிவுகள் தாங்களே பெயிண்ட் கலந்து அடித்தன. ஒரு பிரிவின் விமானம் இன்னொரு பிரிவின் விமானம்போல இருக்காது. பச்சையும் மண்நிறமும் திட்டுத்திட்டாகச் சிலவற்றில், வரிவரியாகச் சிலவற்றில். பல விமானங்களில் வேலை பிரஷ்ஷில்தான் நடந்தது. டிசம்பர் 14 அன்று விங் கமாண்டர் பி.கே. பிஷ்னோய் தலைமையில் 28ஆம் படைப்பிரிவின் மிக்-21கள் குவாஹாட்டியிலிருந்து கிளம்பி டாக்கா ஆளுநர் மாளிகைமேல் ராக்கெட்டுகளை விட்டன. பிஷ்னோய்க்கு இலக்கைக் காட்ட இருந்தது ஒரு சுற்றுலா வரைபடம். இரண்டு நாள் கழித்து டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவு. அதே ஆண்டு ஆக்ராவில் தாஜ்மகாலையும் மறைத்தார்கள். நிலவொளியில் வெள்ளைச் சலவைக்கல் தொலைதூரத்திலிருந்தே வழிகாட்டிவிடும் என்று துணியைப் போர்த்தினார்கள். உலகத்தின் பளபளப்பான கட்டடத்தை அடக்கவும் கடைசியில் துணிதான் கைகொடுத்தது.

மாதிரி விமானங்களின் கதை இதற்குப் பக்கத்திலேயே வளர்ந்தது. 1932இல் பிரிட்டனில் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ மரத்தில் 72இல் ஒரு பங்கு அளவில் விமானம் செய்யும் பெட்டிகளை விற்றது. 1936இல் ‘ஃப்ராக் பெங்குவின்’ அதே அளவில் பிளாஸ்டிக்குக்கு வந்தது. 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் 5,00,000 மரமாதிரிகள் கேட்டது. நம் விமானம் எது, எதிரி விமானம் எது என்று வீரர்கள் உருவத்தை வைத்தே அடையாளம் காணப் பழக வேண்டியிருந்தது. அதனால் எல்லாம் கறுப்பு நிறம், எல்லாம் 72இல் ஒரு பங்கு. 1953இல் ‘ஏர்ஃபிக்ஸ்’ ஸ்பிட்ஃபயர் வந்தபின் இது வீட்டுப் பொழுதுபோக்காகியது. ஹல் நகரத்து ‘ஹம்ப்ரால்’ சின்னச் சின்ன டின்களில் மேட் எனாமல் கொடுத்தது.

அந்த டின்னுக்குள் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். வார்னிஷோடு மிக நுண்ணிய சிலிக்காத் தூள் கலந்திருக்கும். ஒவ்வொரு துகளும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. கரைப்பான் ஆவியாகிப் படலம் மெலியும்போது துகள்கள் மேலே முட்டிக்கொண்டு நிற்கும். ஏரி நீரின் சிலிர்ப்பு உறைந்து நிற்பது இந்த இடத்தில்தான். டின் சும்மா இருந்தால் சிலிக்கா அடியில் படிந்துவிடும். அடிவரை குச்சி விட்டுக் கிளறாமல் மேலாக இருப்பதைத் தொட்டுப் பூசினால் மேட் டின்னிலிருந்தே பளபளப்பு வரும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள் கடையைக் குறை சொல்லும் இடம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்த நுணுக்கம் வரிசை. மேட் நிறத்தின்மேல் நேராக வட்டச் சின்னத்தையும் எண்களையும் ஒட்டக்கூடாது. தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் அந்த மெல்லிய ஸ்டிக்கருக்கு அடியில், சொரசொரப்பின் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொண்டு வெள்ளி வெள்ளியாகத் தெரியும். அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட். வழவழப்பான அந்தத் தளத்தில் சின்னங்கள் படிந்து உட்காரும். நன்றாகக் காய்ந்தபின் எல்லாவற்றையும் மூடி மேட் ஒரு கோட். மங்கலுக்குப் போகும் வழி மினுக்கத்தைக் கடந்துதான் போகிறது.

நம் ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்ப்ரே வார்னிஷ் வேண்டாம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வெண்மூட்டமாகிவிடும். நெசவுக்கான பாவு நூலை வெளியே நீட்டி வேலை செய்கிறவர்கள் மழை நாளில் கைகட்டி உட்காருவதுபோல இங்கேயும் வெயில் வரும்வரை பொறுக்க வேண்டும்.

எவ்வளவு மேட் என்பதை அந்த விமானத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஓர் அடி தூரத்திலிருந்து 72இல் ஒரு பங்கு மாதிரியைப் பார்ப்பது, அசல் விமானத்தை 72 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் அசலின் பளபளப்பே கொஞ்சம் அடங்கித்தான் தெரியும். அதனால் மாதிரிக்கு அசலைவிட ஒரு படி மங்கல் பொருந்தும். சூலூரில் இருக்கும் தேஜஸுக்கும் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியின் பி-8ஐ விமானங்களுக்கும் நிறம் சாம்பல்தான். ஆனாலும் இரண்டின் சாம்பலும் ஒன்றல்ல, பார்த்துப் பூச வேண்டும். சூரிய கிரண் அணியின் சிவப்பு வெள்ளை விமானத்தைச் செய்கிறவர் மேட் டின்னைத் தொடவே வேண்டாம். கூட்டம் அண்ணாந்து பார்ப்பதற்காகப் பறக்கும் விமானம் அது, மின்னட்டும்.

1971இன் மிக்-21 செய்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி. ஏர்பிரஷ் இல்லையே என்று தயங்க வேண்டாம், நல்ல பிரஷ் ஒன்று போதும். அசலையே அப்படித்தான் பூசினார்கள். போர் நெருங்கிய நாட்களில் விமானத் தளத்து ஊழியர்கள் கையால் இழுத்த தடங்கள் அந்த விமானங்களின்மேல் இருந்தன. நம் கை நடுக்கத்தில் மாதிரிமேல் விழும் மெல்லிய வரிகள் அந்த விமானத்துக்குரியவையே. அவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாமல், மேலே மேட் வார்னிஷ் ஒன்றை மட்டும் மெல்லிதாக அடியுங்கள்.