தோட்டத் திடலும் மாநிலக் குழுவும்: கெடாத் தமிழரின் காற்பந்து வரலாறு குறித்துச் சில எண்ணங்கள்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பற்றி எழுந்த நூல்களில் கங்காணி முறை, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, கோயில் ஆகியவற்றுக்குக் கிடைத்த இடம் காற்பந்துக்குக் கிடைத்ததில்லை. விளையாட்டு என்பதாலேயே அஃது ஆய்வுக்குரிய பொருளாகக் கருதப்படவில்லை போலும். ஆனால் கெடா மாநிலத்தின் கோலமூடா, கூலிம் மாவட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த மக்கள் தம் மாலைப் பொழுதை எங்குக் கழித்தனர் எனக் கேட்பின், கோயில், கள்ளுக்கடை, திடல் என்னும் மூன்று இடங்களை நாம் சொல்லியாக வேண்டும். முதலிரண்டும் ஓரளவு ஆராயப்பட்டுவிட்டன. மூன்றாவதை முன்வைத்து இக்கட்டுரை இரு வினாக்களை எழுப்புகிறது. பீடோங்கிலும் சுங்கை பட்டாணியிலும் பாடாங் செராயிலும் கெடாக் குழுவைத் தம் சொந்தக் குழுவாகக் கொண்டாடியவர்களின் பிள்ளைகள் அக்குழுவில் அருகியே இடம்பெற்றது ஏன்? தேசியக் குழுவை நிருவகிப்போர் ஆட்டக்காரர்களை எங்கே தேடினர், எங்கே தேடவில்லை?

நேரமும் நிலமும்

1909ஆம் ஆண்டு ஆங்கிலேய சயாமிய ஒப்பந்தத்தால் கெடா பிரிட்டிஷாரின் ஆதிக்கத்துக்குள் வந்தது. தெற்குக் கெடாவில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய அக்காலத்திலேயே காற்பந்தும் அமைப்புருவம் பெறலாயிற்று. எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பலின் நன்கொடையாக மலாயாக் கிண்ணப் போட்டி 1921இல் தொடங்கியது. கெடாக் காற்பந்துச் சங்கம் 1924இல் தோன்றியது. 1940இல் கெடா மலாயாக் கிண்ண இறுதியாட்டம் வரை சென்று சிங்கப்பூரிடம் 0-2 என்று தோற்றது. அடுத்த ஆண்டு இறுதியில் ஜப்பானியர் வந்துவிட்டனர்.

நகரத்து ஆட்டத்தின் வரலாறு இவ்வாறு ஆண்டுகளும் கிண்ணங்களுமாகப் பதிவாகியுள்ளது. தோட்டத்து ஆட்டத்துக்கு அத்தகைய பதிவு இல்லை. ஆனால் அஃது ஏன் தோட்டத்தில் வேரூன்றியது என்பதை வேலையின் இயல்பைக்கொண்டே விளக்கலாம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருள் பிரியும்போதே நிரையில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி முடித்து, மங்கிலிருந்து பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால் பிற்பகலில் வேலை முடிந்துவிடும். மழை நாளில் வேலையே இல்லை. ஆகவே தோட்டத்து இளைஞர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைத்தது. பதினொருவர் ஆட்டத்துக்கு முதல் தேவை பந்தன்று. பதினொருவருக்கும் ஒருங்கே கிடைக்கும் மாலைப்பொழுது. இரப்பர் அதனைக் கொடுத்தது. துரையும் பெரிய கிராணியும் திடலை ஒதுக்கியதும் அன்பால் மட்டுமன்று. லயத்தில் சச்சரவு குறைந்தால் நிருவாகத்துக்கும் இலாபமே.

அந்த மாலைப்பொழுதுக்காகப் போட்டியும் இருந்தது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங்கை அடுத்த ஹார்வார்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடை மறியலை முதன்மையான போராட்டமாக நடத்தியது. 1947இல் காவல்துறையோடு மோதல்கள் நிகழ்ந்தன. டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச்சூடும் நடந்தது. இவ்வியக்கத்தைத் தொழிற்சங்க வரலாற்றின் பகுதியாக மட்டுமே காண்பது வழக்கம். நாம் அதனை உடலின் வரலாறாகவும் காணலாம் எனக் கருதுகிறோம். அணிவகுப்பும் உடற்பயிற்சியும் கள் மறுப்பும் ஒரே கோரிக்கையின் வெவ்வேறு வடிவங்கள். உழைத்து முடித்த உடல் அதன்பின் நிருவாகத்துக்கு உரியதன்று, தொழிலாளிக்கே உரியது என்பதே அக்கோரிக்கை. திடலில் ஆடுவோரும் அதையே தம் வழியில் சொல்லிக்கொண்டிருந்தனர்.

ஆனால் திடல் யாருடையது? கெடாத் தமிழரின் காற்பந்து வரலாற்றுக்கு இவ்வினாவே அச்சாணி. ஒப்புநோக்க இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்க ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஆஷிங்டன் என்னும் சுரங்க ஊரிலிருந்து 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற ஜாக், பாபி சார்ல்டன் சகோதரர்கள் வந்தனர். அங்கும் உழைப்பாளர் குடியிருப்பு, கம்பெனி வீடு, மாலை நேரப் பந்து என்றே வாழ்க்கை அமைந்திருந்தது. ஆயினும் 1920இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வெட்டியெடுத்த ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி வீதம் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்குச் செலுத்தப்பட்டது. அந்நிதியிலிருந்து மன்றங்களும் திடல்களும் உருவாகி அறக்கட்டளைகளின் பெயரில் நின்றன. சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் பல ஊர்களில் திடல் எஞ்சியமைக்கு இதுவே காரணம். மலாயாவில் ஒரு பவுண்டு இரப்பருக்கு ஒரு காசு வீதம் அவ்வாறு எவரும் ஒதுக்கவில்லை. லயம், கோயில் நிலம், திடல் யாவும் கம்பெனியின் நிலப்பட்டாவிலேயே இருந்தன. தோட்டம் கைமாறியபோது திடலும் கைமாறியது.

அக்கைமாற்றம் 1950களில் தோட்டத் துண்டாடலாகத் தொடங்கிற்று. அதற்கு எதிராகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். நூறு வெள்ளிப் பங்கைத் தவணையில் கட்டித் தொழிலாளர் நிலத்துக்கு உரிமையாளராயினர். அவ்வழி சில தோட்டங்களை மட்டுமே காத்தது. வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை பெறாதவர் பெர்மிட் இன்றி வேலை செய்ய இயலாமற் போயிற்று. ஏறத்தாழ 60,000 பேர் தமிழகம் திரும்பினர் எனக் கணக்கிடப்படுகிறது. ஒரு தோட்டத்துக் குழுவில் மூவர் கப்பலேறினால் அந்தக் குழு என்னவாகும் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

பின்னர் இரப்பருக்குப் பதில் எண்ணெய்ப் பனை வந்தது. சுங்கை பட்டாணியைச் சுற்றி வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தொழிற்சாலை வேலை இரப்பர் வேலையைவிடக் கூடுதல் ஊதியம் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சுழல்முறை வேலை நேரம் பொது மாலையை ஒழித்துவிட்டது. ஒருவன் இரவு வேலைக்குப் புறப்படும்போது அவன் நண்பன் பகல் வேலை முடிந்து வருகிறான். ஐவர் ஆடும் புட்சால், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் கூடங்களில் பரவியதற்கு இளைஞரின் நாகரிக மோகத்தைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. பதினொருவரை ஒருங்கே திரட்ட முடியாத வாழ்க்கையும், சொந்தத் திடல் இல்லாமையுமே அதன் காரணங்கள் என்பது எம் கருத்து.

குழுவின் ஏற்றமும் இறக்கமும்

திடல் மறைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் மாநிலக் குழு உயர்ந்தது என்பது இவ்வரலாற்றின் விந்தை. 1987, 1988, 1989 என அடுத்தடுத்து மூன்று மலேசியக் கிண்ண இறுதியாட்டங்களில் கெடா கோலாலம்பூரிடம் தோற்றது. 1990இல் சிங்கப்பூரை 3-1 என வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1993இல் மீண்டும் சிங்கப்பூரையே வென்றது. அஸ்ராய் கோர் அப்துல்லாவின் பயிற்சியில் 2006-07, 2007-08 ஆகிய இரு பருவங்களிலும் சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் ஆகிய மூன்றையும் வென்றமை மலேசியக் காற்பந்தில் அக்காலத்தில் தனிச் சாதனையாக இருந்தது. தோட்டத்தை விட்டு நகரோரக் குடியிருப்புக்கு வந்த குடும்பங்களுக்குப் பச்சை மஞ்சள் சட்டை, ‘நாங்கள் கெடாக்காரர்கள்’ என்று சொல்லிக்கொள்ள எளிய வழியாயிற்று. இனம், மொழி, சமயம் எதையும் கேளாத அடையாளம் அது. அதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும் அவ்வெற்றி பெரும்பாலும் மேலிருந்து கட்டப்பட்டது. பணம் மாநில அரசிடமிருந்தும் அதன் சார்பு நிறுவனங்களிடமிருந்தும் வந்தது. கோல் அடிக்க மார்லன் ஜேம்ஸ், நெல்சன் சான் மார்ட்டின் போன்ற வெளிநாட்டார் வந்தனர். பட்ரோல் பக்தியார் போன்ற மண்ணின் மைந்தர் உருவானது உண்மைதான். எனினும் பீடோங் வட்டாரத்திலோ லூனாசிலோ இருந்து ஒரு சிறுவன் அலோர் ஸ்டார் வரை ஏறிச்செல்லப் படிக்கட்டு ஏதும் இல்லை. தோட்டங்களுக்கிடையிலான போட்டிகள் இருந்தவரை, ஒரு திடலில் பெயரெடுத்தவன் அடுத்த திடலுக்கு அழைக்கப்படுவான். அப்படிக்கட்டின் கீழ்ப்படிகள் உடைந்தபின் மேற்படிகளுக்குப் பூச்சுப் பூசியதே நடந்தது.

மேலிருந்து கட்டியது மேலிருந்தே சரியும். சுங்கை பட்டாணியைச் சார்ந்து ஒரு வாகன நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்த கோலமூடா நாசா குழு 2009இல் சூப்பர் லீக்கில் ஆடி, அப்பருவத்தோடு மறைந்தது. மாநிலக் குழுவோ தாழ்ந்தும் 2015இல் பிரிமியர் லீக்கை வென்று எழுந்தும், 2016இல் மலேசியக் கிண்ணத்தையும், 2017, 2019ஆம் ஆண்டுகளில் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றும் நம்பிக்கையளித்தது. தனியார் மயமான பின் ஊதிய நிலுவை பெருகியது, புள்ளிகள் குறைக்கப்பட்டன, உரிமம் கிடைக்காமல் 2025-26 பருவச் சூப்பர் லீக்கில் இடமிழந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் மூன்று கிண்ணங்களையும் ஒருசேரத் தூக்கிய குழு அது. இந்தியச் சமூகம் தனக்கென எழுப்பிய முயற்சியும் இதே வழியில் சென்றது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் சார்பில் 2017இல் பிரிமியர் லீக்கில் நுழைந்த குழு, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரோடு சூப்பர் லீக்கில் ஆடியது. 2022ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதியில் விலகிக்கொண்டது.

தேசியக் குழுவும் பிறப்புப் பத்திரமும்

தேசியக் குழுவில் தமிழர் பங்கைச் சொல்லும்போது நாம் வழக்கமாக ஒரு பெயர்ப்பட்டியலை ஒப்பித்துப் பெருமை கொள்கிறோம். 1974ஆம் ஆண்டு தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற குழுவின் தலைவர் எம். சந்திரன், 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். அரசியல் காரணத்தால் அக்குழு மாஸ்கோவுக்குப் போகவில்லை. இப்பெயர்களைவிடப் பயிற்றுநர் இருவரின் நிலை நமக்குக் கூடுதலாகக் கற்பிக்கிறது. 2007ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தில் மலேசியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றபின் பொறுப்பேற்ற பி. சத்தியநாதன், 2009இல் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-5 என்று தோற்றதும் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டே கிளந்தானுக்கு மலேசியக் கிண்ணம் வென்று கொடுத்தார். அவரை அடுத்து வந்த கே. ராஜகோபால் 2009இல் தென்கிழக்காசிய விளையாட்டுத் தங்கத்தை இருபது ஆண்டுகளுக்குப்பின் மீட்டார். 2010 டிசம்பரில் சுசுகிக் கிண்ணத்தின் முதலாட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்ற அதே இளைஞர்களைக் கைவிடாமல், இறுதியில் அதே எதிரணியை மொத்தக் கணக்கில் 4-2 என்று வீழ்த்தினார். உள்நாட்டு இளைஞரைக் கொண்டு பொறுமையாகக் கட்டினால் என்ன கிட்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று நமக்கு இல்லை. அப்பொறுமை நிருவாகத்தில் நிலைக்கவில்லை. குறுக்குவழி தேடப்பட்டது.

குறுக்குவழியின் எல்லையை 2025இல் கண்டோம். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் வியட்நாமை 4-0 என வென்றதை நாடே கொண்டாடியது. செப்டம்பர் 26ஆம் நாள் அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, வெளிநாட்டில் பிறந்த எழுவருக்காகப் போலி ஆவணங்கள் கொடுக்கப்பட்டன என்று மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்கு தண்டமும், எழுவருக்கும் தலா 12 மாதத் தடையும் விதித்தது. நவம்பரில் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் அம்முடிவை உறுதிசெய்தது. வழக்கின் மையம், அவர்களின் பாட்டன் பாட்டியர் மலேசியாவில் பிறந்தனரா என்பதே. மூலப் பதிவுகளோ அவர்கள் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பிறந்ததாகக் காட்டின.

தெற்குக் கெடாவின் வரலாற்றை அறிந்தவர் இச்செய்தியை வெறும் விளையாட்டுச் செய்தியாகப் படித்திருக்க முடியாது. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் வரை இம்மண்ணில் பிறந்தாலே குடியுரிமை உண்டு. அதன்பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. பிறப்பைத் தாமதமாகப் பதிந்தோரும் பதியாதோரும் தோட்டத்தில் பலர். கோயிலில் தாலி கட்டியதே திருமணம் என்றிருந்தவர்களுக்கு 1982 மார்ச்சு முதல் பதிவு கட்டாயமாயிற்று. பதிவற்ற மணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையைச் சார்ந்தது. தாயிடம் ஆவணம் இல்லையெனில் பிள்ளையிடமும் இல்லை. பாட்டி, தாய், மகன் என மூவரும் ஒரே லயத்தில் பிறந்திருந்தும் அதைக் காட்டும் தாள் இல்லாத இளைஞன், எவ்வளவு திறமாக ஆடினாலும் நாட்டின் சட்டையை அணிய இயலாது. இல்லாத பிறப்பை உண்டாக்கக் காட்டிய முனைப்பில் சிறு பகுதியை, உள்ள பிறப்பைப் பதிவதில் காட்டியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று கெடா இரசிகர் ஒருவர் கேட்பாராயின், அவ்வினாவை உணர்ச்சிவயப்பட்டது என நாம் ஒதுக்க முடியாது.

இவ்விடத்தில் வரலாற்று ஆய்வாளர்க்கு நேரடிப் பணி ஒன்று உண்டு. தோட்ட நிருவாகங்களின் செக்ரோல் ஏடுகள், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், கோயில் கணக்குகள், பள்ளி அலமாரிகளில் கருத்துப்போன கிண்ணங்களில் பொறித்த ஆண்டும் தோட்டப் பெயரும் ஆகியவையே ஒருவர் எந்தத் தோட்டத்தில், எப்போது வாழ்ந்தார் என்பதற்கு எஞ்சிய சான்றுகள். காற்பந்து வரலாற்றுக்கும் குடியுரிமை விண்ணப்பத்துக்கும் இவை ஒருங்கே பயன்படும். தோட்டம் விற்கப்படும்போது ஏடுகள் கம்பெனியோடு போய்விடுகின்றன அல்லது எரிக்கப்படுகின்றன. பள்ளி இடம்பெயரும்போது கிண்ணங்கள் பழைய இரும்புக்காரரிடம் சேர்கின்றன. பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் இன்னும் பழைய இடத்திலேயே இயங்கும் பள்ளிகளிலிருந்து இவற்றைப் படியெடுக்கும் பணியைத் தொடங்கலாம்.